சுவருக்கு முன்னே சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் இக்காலத்துத் தொழில் ஒன்றில் இம்முறை தலைகீழாக நடைபெறுகிறது. அங்கே சித்திரம் முன்னே, சுவர் பின்னே. கட்டப்போகும் மாளிகை எப்படித் தோன்றும் என்பதை, அடிக்கல் நாட்டுவதற்கு முன்னரே, கண்டவர் மனம் கவரும்படி எழுதிக் காட்டுவதே அத்தொழில். கட்டடத் தோற்ற ஓவியம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் பெர்ஸ்பெக்டிவ் என்றும், ரெண்டரிங் என்றும், த்ரீ-டி வியூ என்றும் வழங்குகின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர், எவரிடத்தும் சம்பளத்துக்கு அமராமல், இத்தொழிலைத் தனித்து நின்று நடத்தி வருகின்றனர். அவர்களுடைய கைத்திறனைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கூலி பேசும் திறனைப் பற்றியே கவலை. ஆகவே இத்திங்கள் அதனைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

இத்தொழில் நேற்று முளைத்ததன்று. நம்மில் பலர் நாள்தோறும் ஏறி இறங்கும் சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தையே எடுத்துக்கொள்வோம். 1878இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் கட்டப்பட்ட அக்கட்டடத்துக்கு ஆன செலவு 16 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 1887இல் விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் பெற்றது. 1996இல் அப்பெயர் மாறியது. 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாயிற்று. கட்டியவர் யார் என்றால், ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்று படித்தோர் பலரும் சொல்வர். ஆனால் அக்கட்டடம் எழும்புமுன், அதன் கோபுரத்தையும் கும்மட்டத்தையும் வளைவுகளையும் 1878இல் நீர்வண்ணத்தில் எழுதிக் காட்டியவர் வேறொருவர். அவர் பெயர் ஆக்செல் ஹேக். சுவீடன் நாட்டுக் காட்லாந்துத் தீவில் 1835இல் பிறந்து, கப்பல் கட்டும் தொழிலைக் கற்று, பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து, பிறர் வரைந்த திட்டங்களுக்குத் தோற்ற ஓவியம் எழுதிப் புகழ் பெற்றவர் அவர். அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவரே என்பதை நினைக்க நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

ஹேக் 1921 வரை வாழ்ந்து, செதுக்கோவியத்திலும் பெயர் நாட்டினார். ஆனால் இத்தொழில் செய்தோர் யாவரும் அவ்வாறு வாழ்ந்தாரில்லை. அவருக்கு முன்னே, லண்டனில் ஜோசஃப் காண்டி என்பவர் இருந்தார். பாங்க் ஆஃப் இங்கிலாந்தைக் கட்டிய சர் ஜான் சோனுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஓவியங்களை இன்றும் மக்கள் வியந்து காண்கின்றனர். அத்தகைய கையுடையவர், வறுமையில் உழன்று, கடனுக்காகச் சிறையும் புகுந்து, 1843இல் மனநோயாளர் விடுதியொன்றில் உயிர் நீத்தார். திறமை ஒன்றே ஒருவனுக்குச் சோறு போட்டுவிடும் என்று எண்ணுவோர் காண்டியின் வாழ்வை நினைத்தல் நலம். திறமை வேறு; அதனைப் பொருளாக்கும் முறை வேறு. இரண்டையும் தனித்தனியே கற்க வேண்டும்.

இம்முறையை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார் யார்? நம்மில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். நம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்குச் சம்பளத்தை நிர்ணயிப்பது ஊதியக் குழு. முதற் குழு 1946இல் அமைந்தது. ஏழாவது குழுவின் பரிந்துரை 2016 முதல் நடைமுறைக்கு வந்தது. “எனக்கு இவ்வளவு தருக” என்று எந்தக் குமாஸ்தாவும் தன் வாயால் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் நேராதவன் கேட்கும் கலையை எவ்வாறு அறிவான்? எனவே, மகனோ மகளோ, “அப்பா, பில்டர் என்ன கேட்கிறாய் என்று வினவுகிறார், என்ன சொல்லட்டும்?” என்று கேட்டால், “அவர் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்” என்பதே நாம் கூறும் விடையாக இருக்கிறது. மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்கும் குடும்பத்தில், பிள்ளையின் பத்து நாள் உழைப்புக்கு விலை பேச ஆளில்லை!

இக்கலையை அறிந்தோர் நம்மிடையே இல்லாமலும் இல்லை. தாராவிக்குச் சென்று பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் வழியினர் அங்கே இன்றும் உழைக்கின்றனர். பை தைக்கும் பட்டறைக்காரர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசாமல் தோலில் கத்தி வைப்பதில்லை. அச்சாரம் வாங்காமல் சரக்கெடுப்பதில்லை. சாம்பிள் வேண்டுமென்றால் சாம்பிளுக்குத் தனி விலை. கம்ப்யூட்டர் முன் அமர்ந்து படமெழுதும் படித்த பிள்ளைகள், பள்ளியிறுதி காணாத அப்பட்டறைக்காரரிடம் ஒருநாள் அமர்ந்து கேட்டால், எந்தக் கல்லூரியிலும் கிடையாத பாடம் கிடைக்கும்.

பாடத்தின் முதற்பகுதி கணக்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். படம் எழுதுபவனோ கணக்குப் பாராவிட்டால் உழக்குகூட மிஞ்சாது. ஓர் உதாரணம் காட்டுவோம். இதிலுள்ள தொகைகள் கணக்கின் பொருட்டே. சந்தை விலையாகக் கொள்ள வேண்டா. ஒருவருக்கு வீட்டுச் செலவுக்கு மாதம் 45,000 ரூபாய் வேண்டும் எனக் கொள்வோம். மின்சாரம், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய கம்ப்யூட்டருக்காக எடுத்துவைக்கும் தொகை ஆகியன மாதம் 15,000 ரூபாய். மொத்தம் 60,000. மாதத்தில் உழைக்கும் நாள் 25 என்றாலும், அவற்றுள் பத்து நாட்கள் வேலை தேடவும், ஆட்களைக் காணவும், பாக்கி வசூலிக்கவும் போய்விடும். கூலி கிடைக்கும் நாட்கள் 15. ஆக, நாளொன்றுக்கு 4,000 ரூபாய். ஒரு தோற்ற ஓவியத்துக்கு மூன்று நாள் பிடிக்கும். இருமுறை திருத்த ஒருநாள் ஆகும். எனவே அவ்வோவியத்தின் விலை 16,000 ரூபாய்.

இந்நிலையில் ஒருவர் வந்து, “பின்னால் நிறைய வேலை தருகிறேன், இதை 8,000க்கு முடித்துக் கொடு” என்கிறார். பாதி விலைதானே, பாதி வருமானமாவது நிற்குமே என்று பிள்ளை எண்ணுகிறது. அன்று! எல்லா வேலையும் அவ்விலைக்கே என்றால் மாத வரவு 30,000. தொழிற்செலவு 15,000 குறைவதில்லை. வீட்டுக்கு வருவது 15,000 மட்டுமே. விலை பாதியானால் வீட்டு வரவு மூன்றில் ஒன்றாகிறது. இச்சிறு கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் தாளில் போட்டுப் பார்த்து, “இதற்குக் கீழே இறங்கேன்” என்னும் தொகையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமென்பது இதற்காகத்தான்.

பாடத்தின் இரண்டாம் பகுதியை நாம் பணிபுரியும் ரயில்வேயிலிருந்தே சொல்லலாம். சரக்கு ஏற்ற வருபவரிடம், என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்த ஊருக்கு என்று கேட்காமல் எந்தக் குமாஸ்தாவும் கட்டணம் சொல்வதில்லை. அவ்வாறே ஓவியரும், எத்தனை படம், எந்தத் தேதிக்குள், யார் பார்த்து ஒப்புதல் தருவார், படத்தை எதற்குப் பயன்படுத்துவார் என்று கேளாமல் விலை சொல்லலாகாது. ஒரு கூட்டத்தில் காட்டுவதற்குரிய படம் வேறு. பத்திரிகையிலும் நெடுஞ்சாலைப் பலகையிலும் ஈராண்டு நின்று வீடுகளை விற்றுத் தரும் படம் வேறு. இரண்டுக்கும் ஒரே விலையாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், உரிமையைப் பிறருக்கு மாற்றுவது எழுத்தில், கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும் என்கிறது. ஆதலின் எதற்கு, எத்தனை காலத்துக்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் வேகனைக் காலி செய்ய இலவச நேரம் உண்டு. அது கடந்தால் டெமரேஜ் கட்ட வேண்டும். ஓவியத்தில் திருத்தமும் அப்படியே. இருமுறை திருத்தம் கட்டணத்தில் அடக்கம். மூன்றாம் முறை முதல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால், “வானத்தைச் சற்று நீலமாக்கு, மரத்தைச் சற்று இடம் மாற்று” என்னும் தொல்லை தானே அடங்கும். அன்றியும், ‘டு-பே’ முறையில் வரும் சரக்குக்குக் கட்டணம் செலுத்திய பின்னரே டெலிவரி. ஓவியத்துக்கும் பாதி முன்பணம். வரைவு ஒப்புக்கொள்ளப்பட்டதும் ஒரு பகுதி. எஞ்சியது முழுத் தெளிவுள்ள படத்தை ஒப்படைக்குமுன். அதுவரை சிறிய அளவில், குறுக்கே பெயர் பொறித்த படத்தை மட்டும் அனுப்பினால் போதும். இதில் அவநம்பிக்கை ஏதுமில்லை. சீசன் டிக்கட்டுக்கு முன்பணம் கட்டும் எவரும் ரயில்வே தம்மை அவமதித்ததாக எண்ணுவதில்லையே!

இம்முறை தவறினால் நேர்வது என்ன என்பதற்கு நாமறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். செம்பூரில் நம் நண்பர் ஒருவரின் மகள் இத்தொழில் செய்பவள். பழைய சொசைட்டிக் கட்டடம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்ட முயன்ற பில்டர் ஒருவர், குடியிருப்போரின் சம்மதம் பெறும் கூட்டத்துக்காக ஐந்து படங்கள் கேட்டார். கூலி இன்னதென்று பேசவில்லை. “உன்னைக் கைவிட மாட்டேன்” என்றார். அவள் பதினெட்டு நாட்கள் உழைத்துக் கொடுத்தாள். கூட்டத்தில் அப்படங்களைக் கண்டு கைதட்டாதவர் இல்லை, சம்மதமும் கிடைத்தது. வாயிலில் இருபதடிப் பலகையில் அவள் படம் ஏறிற்று. ஏழு திங்கள் வரை பணம் மட்டும் வரவில்லை. ஸ்டேஷனுக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் தன் படத்தைத் தானே நிமிர்ந்து பார்த்துச் செல்லும் மகளைக் கண்டு, “உனக்கு ஏனம்மா இந்தத் தொழில்? எங்கேயாவது வேலைக்குப் போ” என்றார் தந்தை. பின்னர், படம் கிடைத்தது, நன்றாக இருக்கிறது என்று பில்டர் அனுப்பியிருந்த வாட்ஸப் செய்திகளைத் திரட்டி, வக்கீல் ஒருவர் நோட்டீஸ் கொடுத்த பின்னரே ஒரு பகுதி வந்தது. அவள் தொழிலை விடவில்லை. இப்போது முன்பணம் வராமல் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை.

சட்டமும் இவ்வகையில் ஓரளவு துணை நிற்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006இல் வந்தது. உத்யம் என்னும் பதிவு 2020 ஜூலை முதல் உள்ளது, அதற்குக் கட்டணமில்லை. தனித்து நின்று சேவை செய்யும் ஓவியரும் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஒப்பந்தம் எப்படியிருப்பினும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்பது விதி. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் பாங்க் வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. முறையிட மன்றமும் உண்டு. வேலையை ஏற்குமுன்னரே பதிந்துகொள்வது பாதுகாப்பு. செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்கிடப் பொதுவாக மூன்றாண்டே கெடு என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் வழக்கு மன்றம் கடைசி வாயில். எழுத்தே முதல் வாயில். ஒரு பக்கத்தில் கொட்டேஷன் எழுதி அனுப்பி, “சம்மதம்” என்னும் ஒரு சொல்லைப் பதிலாகப் பெற்றுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இனி, மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். அயலாரிடம் துணிந்து விலை சொல்லும் பிள்ளையும், நம்மவரிடம் நாவெழாமல் நிற்கிறது. ஊர்க்காரர், உறவினர், சங்கத்துப் பெரியவர் என்று வந்துவிட்டால், கூலி என்னும் சொல்லே குற்றமாகத் தோன்றுகிறது. அவ்விடத்திலும் மரியாதை குன்றாமல் பேச வழியுண்டு.

“அண்ணாச்சி, வேலையை மகிழ்ச்சியாகச் செய்து தருகிறேன். மூன்று படம், இரண்டு முறை திருத்தம், மொத்தம் இவ்வளவு. பாதி முன்பணம் வந்த மறுநாள் தொடங்குகிறேன்.”

“என்னம்மா, நம்ம ஊர்ப் பிள்ளை, நம்மகிட்டயே கணக்குப் பேசுறியே?”

“நம்ம ஊர் என்பதால்தான் அண்ணாச்சி. பின்னால் மனஸ்தாபம் வரக்கூடாதென்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தொகை கூடுதலாகத் தோன்றினால் மூன்று படத்தை இரண்டாக்கிக் கொள்வோம்.”

இதில் கவனிக்க வேண்டுவன இரண்டு. ஒன்று, குறைத்தது வேலையை, விலையையன்று. விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது பொய்விலை என்றாகும். அடுத்த முறையும் அதே பேரம் நடக்கும். மற்றொன்று, தொகையைச் சொன்னபின் வாய் மூடியிருத்தல். சொன்ன மாத்திரத்தில், “கூடுதலாக இருந்தால் பார்த்துக் குறைக்கலாம்” என்று தானே இறங்கிவருவது நம்மவரின் பழக்கம். எதிரிலிருப்பவர் யோசிக்கும் நேரத்தை அவருக்கே விட்டுவிட வேண்டும்.

அண்மைக் காலத்தில் வேறொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. “செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் சொன்னால் நொடியில் படம் தருகிறது, உனக்கு ஏன் இவ்வளவு?” என்கின்றனர். அழகிய கட்டடத்தை இயந்திரம் எழுதுவது மெய்யே. ஆனால், இந்த மனையில், இந்த அளவில், இந்த பிளானின்படி எழும்பும் கட்டடத்தை எழுதியிருக்கிறதா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், விளம்பரத்தில் உள்ள பொய்யான செய்தியை நம்பி முன்பணம் கட்டி நஷ்டமடைந்தவருக்குக் கட்டுவோர் ஈடு தர வேண்டும் என்கிறது. இல்லாத பால்கனியையும் இல்லாத தோட்டத்தையும் படத்தில் காட்டிவிட்டு எளிதில் தப்ப இயலாது. எனவே பிளானோடு ஒத்துப்பார்த்து அளவு பிசகாமல் எழுதும் ஓவியரின் படத்துக்கு மதிப்பு உண்டு. இயந்திரத்தைக் கருவியாகக் கொண்டு விரைந்து செய்வதிலும் பிழையில்லை. “கருவியின் விலைக்கும் என் பொறுப்பின் விலைக்கும் வேறுபாடு உண்டு” என்று பணிவோடு சொல்லத் தெரிந்தால் போதும்.

இதுகாறும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்; இனிப் பெரியவர்களுக்கு. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் புதுக்கப்படுகின்றன. தாராவிக்கு மறுசீரமைப்புத் திட்டம் 2004இலேயே அரசால் ஏற்கப்பட்டது. அன்று முதல் எத்தனையோ படங்கள் நம் மக்கள் முன் காட்டப்பட்டுவிட்டன. படத்தைப் பார்த்தே கையெழுத்திடும் காலமாகிவிட்டது. அந்தப் படத்தை எழுதும் கை நம் வீட்டுக் கையாகவும் இருக்கலாம். சொசைட்டிக் கமிட்டியில் இருக்கும் அன்பர்கள், படத்திலுள்ளது பிளானில் உண்டா என்று கேட்பதோடு, எழுதியவருக்குப் பணம் சேர்ந்ததா என்றும் ஒருமுறை கேட்பாராக. படம் எழுதியவருக்கே கூலி தராதவர், வீட்டை மட்டும் சொன்ன நாளில் தருவார் என்று எவ்வாறு நம்புவது?

கோயில், சங்கம் முதலிய பொதுப்பணிகளுக்குப் படம் இலவசமாக வேண்டுமென்று கேட்பதும் உண்டு. கொடுக்கட்டும், அது புண்ணியமே. ஆனால் முழுத் தொகைக்குப் பில் எழுதி, அதன் கீழ், “இத்தொகை என் நன்கொடை” என்று எழுதிக் கொடுக்கட்டும். சங்கமும் அத்தொகையை நன்கொடைப் பட்டியலில் அவர் பெயரோடு அச்சிடட்டும். அரிசி மூட்டை தந்தவர் பெயர் அச்சாகிறது. பதினைந்து நாள் உழைப்பைத் தந்தவர் பெயர் ஏன் அச்சாகக் கூடாது?

பெண் கேட்டும் மாப்பிள்ளை பார்த்தும் வரும் உறவினர் “சம்பளம் என்ன?” என்று கேட்கையில், தனித் தொழில் செய்யும் பிள்ளையின் பெற்றோர் தலைகுனிய வேண்டுவதில்லை. சம்பளச் சீட்டு இல்லையெனினும், வங்கிக் கணக்கும், ஆண்டுதோறும் தாக்கல் செய்த வருமானவரிக் கணக்கும் அதனினும் உறுதியாகப் பேசும். அதன்பொருட்டேனும் ரொக்கமாகச் சில்லறை சில்லறையாக வாங்காமல், பில் கொடுத்து வங்கி வழியாகப் பெறும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ளச் செய்யுங்கள்.

அன்பர்களே! கூலி கேட்பது யாசகமன்று. கொடுத்த பொருளுக்கு விலை கேட்பதேயாகும். இன்றிரவு உணவுக்குப் பின், தொழில் செய்யும் பிள்ளையை அருகில் அமர்த்தி, தாளும் பென்சிலும் எடுத்து, மேலே சொன்ன கணக்கை உங்கள் வீட்டுத் தொகையைக் கொண்டு போட்டுப் பாருங்கள். வரும் எண்ணை அது தடுமாறாமல் வாய்விட்டுச் சொல்லும் வரை, நீங்களே வாடிக்கையாளராக அமர்ந்து பேரம் பேசிப் பழக்குங்கள். கூச்சம் வீட்டிலே தெளிந்துவிட்டால் வெளியிலே வாராது.